வெப்ப மண்டலத்தில் உறைபனி

பூமத்திய ரேகைக்கு அண்மையில், கடல் மட்டத்திலேயே பனிப்பாறைகள் நகர்ந்த காலம் ஒன்று உண்டு என்றால் மாணவ நேயர்கள் வியப்படைவீர்கள். அறிஞர் பலரும் முதலில் ஐயுறவே செய்தனர். பனியாறு இழுத்துவந்த கற்களும் களிமண்ணும் இறுகிய பழம்பாறைகள் ஏறத்தாழ எல்லாக் கண்டங்களிலும் உள்ளன. அவற்றுள் சில வெப்ப மண்டலத்தில் படிந்தவை என்று 1964ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரையன் ஹார்லண்டு எடுத்துரைத்தார். சான்று யாது? காந்தம். சேற்றில் படியும் இரும்புத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை ஒட்டி அமைகின்றன. துருவத்தருகே செங்குத்தாகவும், பூமத்திய ரேகையருகே கிடையாகவும் இருக்கும். சேறு கல்லான பின்னும் அக்குறி அழிவதில்லை. தென் ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் மலைப் பாறைகள், சுமார் 64 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை, பின்னர் இதனை வலுவாக மெய்ப்பித்தன.

இனிக் கணக்கு. 1969இல் லெனின்கிராடு அறிஞர் மிகயீல் புதிக்கோ, பூமி பெறும் வெயிலையும் வெளிவிடும் வெப்பத்தையும் சமன்படுத்தி ஒரு மாதிரி அமைத்தார். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். அதனால் குளிர் மிகும். குளிர் மிகப் பனியும் பரவும். ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் பூமி முழுதும் உறைந்துபோகும் என்று அம்மாதிரி காட்டியது. உறைந்த பூமி மீள்வது எங்ஙனம்? இவ்வினா இருபதாண்டுகளுக்கு மேல் நின்றது. 1992இல் அமெரிக்கரான ஜோசப் கிர்ஷ்விங்க் விடை கூறினார்: எரிமலைகள் பனிக்கு அடங்குவதில்லை. அவை உமிழும் கரியமில வாயுவை மழையும் பாறையும் உட்கொள்ள இயலாமையால், அது பல பத்து இலட்சம் ஆண்டுகள் திரண்டு பனியை உருக்கிவிடும். எளிய விடைதான், ஆயினும் எத்துணை அழகு! நமீபியாவில் பனிப் படிவின்மேல் சுண்ணாம்புப் பாறை படிந்திருப்பதை இதற்குச் சான்றாக 1998இல் பால் ஹாப்மனும் துணைவர்களும் காட்டினர்.

தொடக்கக் காரணம்? அந்நாளில் சூரிய ஒளி இன்றினும் 6 விழுக்காடு குறைவு. ஆனால் அதற்கு முன் இன்னும் மங்கியிருந்தபோதும் நெடுங்காலம் பூமி உறையவில்லையே! 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர் கணிப்பொறியில் ரொடீனியா என்னும் பெருங்கண்டத்தைப் பிளந்து பார்த்தனர். நிலப்பகுதிகள் கடலை அணுகின, மழை மிகுந்தது, பாறைகள் சிதைந்து கரியமில வாயுவைக் குறைத்தன, குளிர் சூழ்ந்தது. எனக்கு இவ்விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

கடல் முற்றும் உறைந்ததா என்பதில் வழக்குத் தீரவில்லை. பூமத்திய ரேகையை ஒட்டித் திறந்த நீர் இருந்திருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான மாதிரி ஒன்று கூறியது. தென் சீனாவில் அப்பனிக்காலப் படிவுகளிடையே கடற்பாசியின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன; ஒளியின்றிப் பாசி வளராது.