ஓடும் குருதியும் உறைந்த நம்பிக்கையும்

அறுவை வென்றது, ஆள் மாண்டார்! மருத்துவ வரலாற்றில் இக்கொடுமை எண்ணற்ற முறை எழுதப்பட்டிருக்கிறது. புண் ஆறிவரும், காய்ச்சல் தணிந்திருக்கும், வீடு திரும்பும் நாளும் குறித்தாகிவிடும். எழுந்து நாலடி வைத்தவர் மூச்சுத் திணறிச் சாய்வார். விதி என்றனர், வேளை வந்துவிட்டது என்றனர். வந்தது வேளையன்று, தோழர்களே, காலிலிருந்து புறப்பட்ட குருதிக் கட்டி!

இதை மெய்ப்பித்தவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்க்கோ. நுரையீரல் குழாயை அடைக்கும் கட்டி தொலைவிலுள்ள சிரையில் உறைந்து, பிய்ந்து, ஓட்டத்தோடு வந்தது என 1846-ஆம் ஆண்டிலேயே அவர் எடுத்துரைத்தார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை குருதியை அழுத்தி மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் அந்த ஏற்றம் நின்றுவிடும். கத்தி பட்ட உடலிலோ, காயத்தை அடைப்பதற்கென்றே குருதியின் உறையும் தன்மை மிகுந்திருக்கும்.

காரணம் தெரிந்தது, மாற்று? 1908-இல் டிரெண்டலன்பர்க் என்ற அறுவை வல்லுநர் நெஞ்சைத் திறந்து கட்டியை எடுக்க முயன்றார். நோயாளிகள் பிழைக்கவில்லை. அவருடைய மாணவர் கிர்ஷ்னர் 1924-இல்தான் ஒருவரைக் காப்பாற்றினார். அடைத்தபின் மீட்பது அத்துணை அரிது.

வருமுன் காக்கும் வழியைத் திறந்தவரும் ஒரு மாணவரே! அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்ற ஜே மெக்லீன், குருதியை உறையவைக்கும் பொருளைத் தேடினார். 1916-இல் அவருக்குக் கிடைத்ததோ உறையவிடாத பொருள். நாயின் ஈரலில் கிடைத்ததால், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஹெப்பரின் எனப் பெயர் பெற்றது. இன்று அது பெரிதும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. தீட்டுப் பார்ப்போரின் உடலிலும் அது சாதி கேளாமல் வேலை செய்கிறது!

இந்தியாவில் மருத்துவம் கற்று இலண்டன் சென்ற விஜய் கக்கர் தலைமையில், நாற்பது வயது கடந்த 4,121 அறுவை நோயாளிகளிடம் சோதனை நடந்தது. ஒரு பாதியினருக்கு ஹெப்பரின் ஊசி சிற்றளவில் போடப்பட்டது: அறுவைக்கு 2 மணி நேரம் முன்பு ஒன்று, பின்னர் 8 மணிக்கு ஒன்றாக 7 நாள். ஊசி பெறாதோரில் நுரையீரல் அடைப்பால் மாண்டவர் 16 பேர். பெற்றோரில் 2 பேர். முடிவு 1975-இல் வெளிவந்தது.

நம் நாட்டில் அதன்பின் ஊசி பரவியிருக்க வேண்டுமல்லவா? பரவவில்லை. குறுக்கே நின்றது ஒரு நம்பிக்கை: ஆசிய மக்களுக்குக் காலில் குருதி உறைவது அரிதாம்! உணவு வேறு, உடற்கூறு வேறு என்று விளக்கங்கள் வேறு. மூடநம்பிக்கை குடுமியோடுதான் வரவேண்டும் என்பதில்லை; பட்டம் பெற்றும் வரும். எண்ணிப் பாராதவரை எதுவும் அரிதுதான்.

எண்ணிப் பார்த்தது, தருமபுரிக்கு வடகிழக்கேயுள்ள வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1996 முதல் 2005 வரையிலான ஏடுகளைப் புரட்டி, 2009-இல் கணக்கை வெளியிட்டனர். மருத்துவமனையில் சேர்ந்த 10,000 பேருக்கு ஏறத்தாழ 17 பேரிடம் காற்சிரையில் கட்டி! பிடிபட்டவர் கணக்கு மட்டுமே இது. ஓசையின்றி உறைந்தவை இதில் சேரா. 32 நாடுகளில் நடந்த ஆய்வொன்று 2008-இல் வெளியாயிற்று. இடருக்குள்ளான நோயாளிகளில் உலக அளவில் பாதிப்பேர் உரிய தடுப்பைப் பெற்றிருந்தனர். இந்திய மருத்துவமனைகளிலோ நூற்றுக்கு 17 பேர்.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கத்தி வந்துவிட்டது, வீட்டுக் கட்டளையோ மாறவில்லை. “பச்சை உடம்பு, அசையாதே” என்கிறார் பாட்டி. “தண்ணீர் குடித்தால் புண் சீழ்பிடிக்கும்” என்கிறார் அத்தை. அசையாத காலும் வறண்ட உடலும் கட்டிக்குத்தான் துணை. ஊசி எல்லோருக்கும் உரியதன்று. குருதிக் கசிவு உள்ளோர்க்கு அதுவே கேடாகும். அதை முடிவு செய்ய மருத்துவர் இருக்கிறார். ஆகவே, அறுவைக்குக் கையெழுத்திடும் முன் அவரிடம் இரண்டே வினாக்களைக் கேளுங்கள்: காலில் குருதி உறையாதிருக்க என்ன செய்யப் போகிறீர்கள்? எந்த நேரத்தில் இவரை எழுப்பி நடக்கவிடலாம்?