தீவில் பிறந்த இலக்கணம்

அந்தமான் என்றதும் சிற்றறைச் சிறையும் செக்கிழுத்த கைதிகளுமே நம் நினைவில் எழுகின்றனர். அச்சிறைக் கட்டடம் முடிவுற்றது 1906-இல். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே இத்தீவில் ஓர் இலக்கண நூல் பிறந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பெற்ற பின், 1858 மார்ச் 10-ஆம் நாள் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் இங்கு வந்திறங்கினார். பின்னர் வந்தோருள் அரபுப் பேரறிஞர் இருவர் இருந்தனர். ஒருவர் கைராபாத் ஃபஸ்லே ஹக். கிளர்ச்சியின் வரலாற்றை அரபு மொழியிலேயே எழுதிய அவர், 1861-இல் இம்மண்ணிலேயே உயிர் நீத்தார். மற்றவர் காக்கோரி முப்தி இனாயத் அகமது. அவர் இங்கிருந்தபோது இயற்றியதே 'இல்முஸ் ஸீகா' என்னும் நூல். அரபுச் சொல்வடிவங்களைப் பாரசீக மொழியில் விளக்கும் அச்சிறு நூல், மதரசாக்களில் இன்றளவும் பாடமாக விளங்குகின்றது.

கடுஞ்சிறையில் ஒருவர் இலக்கணம் எழுதுவானேன்? திருமறையும் நபிமொழியும் தொன்மையான செவ்வரபில் அமைந்தவை. இன்றைய அரபு நாட்டுத் தெருப்பேச்சைக் கற்றவர்க்கும் அவை எளிதில் விளங்கா. அவற்றை உணர விழைவோர் 'ஸர்ஃப்' எனப்படும் சொல்லிலக்கணத்தையும், 'நஹ்வு' எனப்படும் தொடரிலக்கணத்தையும் முதலில் கற்றல் வேண்டும்.

நம் தமிழில் 'நட' என்னும் பகுதி மாறாது நிற்க, இடைநிலையும் விகுதியும் பின்னே சேர்ந்து நடந்தான், நடப்பான் எனச் சொற்கள் விரியும். அரபிலோ பெரும்பாலும் மூன்று மெய்கள் வேராக நிற்க, இடையிலுள்ள உயிரொலிகளே மாறும். காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்தினின்று 'கத்தப' எழுதினான் என்றும், 'காத்திப்' எழுதுபவர் என்றும், 'கிதாப்' நூல் என்றும், 'மக்தப்' பள்ளி என்றும் பிறக்கும். உயிர்க்குறி இடாது எழுதின், 'கத்தப' என்பதும் 'குத்திப' என்பதும் ஒரே தோற்றமுடையன. பின்னது 'எழுதப்பட்டது' எனப் பொருள்படும்; நோன்பைக் கூறும் திருமறைப் பகுதியிலோ அதுவே 'விதிக்கப்பட்டது' என்னும் கருத்தில் வருகின்றது. ஓர் உயிரொலி பிறழ்ந்தால் செய்தவன் யார், செய்யப்பட்டது எது என்பதே மாறிவிடும். இலக்கணத்தின் இன்றியமையாமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழகத்திலும் இக்கல்வி தழைத்தே வந்துளது. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தமிழை அரபெழுத்தில் எழுதி 'அரபுத் தமிழ்' என்னும் மரபைப் பேணினர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியிற் கற்றுத் தேர்ந்தோர் பாகவி எனப் பட்டம் பெறுவர். அவர்களுள் ஒருவரான அப்துல் ஹமீது பாகவி, திருமறை முழுவதையும் தமிழிற் பெயர்த்தளித்தார். அரபு கற்க வாய்ப்பில்லாத தமிழர்க்கும் அதன் பொருள் எட்டியமைக்கு அடிப்படை அவ்விலக்கணக் கல்வியே அன்றோ!

முப்தி இனாயத் அகமது விடுதலை பெற்றுக் கான்பூரில் ஒரு மதரசாவை நிறுவினார். 1863-இல் ஹஜ் பயணம் சென்றபோது, ஜித்தா அருகே கப்பல் மூழ்கிக் கடலில் மறைந்தார். அவருக்குச் சிறையளித்த ஆட்சி போயிற்று. போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்குகின்றது. அவர் எழுதிய நூலோ நிலைத்து நிற்கின்றது.

தாயகத்தினின்று கடல் கடந்து வாழும் நமக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகின்றது. ஓதுதல் வேறு, உணர்ந்து ஓதுதல் வேறு. நம் இல்லச் சிறார் வீதியில் இந்தி பேசுகின்றனர், பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர். ஆண்டு விழா மேடையில் குறளை ஒப்பிக்கும் அவர்களிடம் பொருள் வினவினால் விழிக்கின்றனர். பிழை அவர்களுடையதன்று, சொல்லின் வேரைக் காட்டாத நம்முடையதே. நூல்களும் உற்றாரும் இல்லாத தீவிலிருந்து ஒரு கைதி பிறர்க்கு மொழியின் திறவுகோலை ஆக்கித் தந்தார். உரிமையோடு வாழும் நாம், மாலையில் ஒரு நாழிகை நம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்க இயலாதா? எண்ணிப் பார்ப்போமாக.