மண்ணுக்கு இசைந்த விமானம்

மதுரைக்குத் தெற்கே அவனியாபுரம் தாண்டி, பெருங்குடிப் பக்கம் கண்மாய்களுக்கு நடுவே இருக்கும் விமான நிலையம் பயணிகளுக்காகப் பிறந்ததன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. அந்த ஆண்டில்தான் பிரிட்டிஷ் விமானப்படை மதுரைத் தளத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம் என்று தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆங்காங்கே ஓடுதளங்கள் முளைத்ததும் அந்தப் போரில்தான். போர் முடிந்தபின் உளுந்தூர்ப்பேட்டைத் தளம் வெறுமனே கிடந்தது; சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்தது; மதுரைக்கோ 1950-களில் பயணியர் விமானம் வந்தது. ஓடுதளம் இருந்தது, ஆகவே விமானம் வந்தது என்று இதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தளம் மட்டும் போதுமென்றால் உளுந்தூர்ப்பேட்டையிலும் வந்து இறங்கியிருக்க வேண்டும். ஊரும் அதன் தேவையும் ஒரு பக்கம் இருக்க, சின்ன ஊரின் தரையைக் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும் விமானம் ஒன்று மலிவாகவும் ஏராளமாகவும் கையில் கிடைத்தது என்பதே தென்னாட்டு விமானப் போக்குவரத்தின் தொடக்கக் கதை. அந்த விமானம் டகோட்டா.

1935 டிசம்பர் 17 அன்று டி.சி.-3 என்ற பெயரில் முதன்முதலாகப் பறந்தபோது அது பயணியர் விமானம். போர் வந்ததும் அமெரிக்கத் தரைப்படை அதன் தளத்தை உறுதிப்படுத்தி, பக்கவாட்டில் அகன்ற இரட்டைக் கதவு வைத்து, சி-47 ஆக்கிக்கொண்டது. பத்தாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. டகோட்டா என்பது பிரிட்டிஷார் இட்ட பெயர். இறக்கை 95 அடி அகலம்; 1,200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்கள். காற்றே குளிர்விப்பதால் தண்ணீரும் ரேடியேட்டரும் வேண்டாம். வாலடியில் சிறு சக்கரம் இருப்பதால் நின்றிருக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டே நிற்கும். பின்கதவால் ஏறுகிறவர் தன் இருக்கைக்கு மேட்டில் ஏறுவதுபோல் நடந்தாக வேண்டும். முன்சக்கரங்கள் பெரியவை, கருங்கல் ஜல்லி காணாத கெட்டி மண்ணிலும் இறங்கும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்கு இறங்கும்வரை காற்று அதைத் தாங்கும். மூவாயிரம் அடித் தரை இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இன்றைய மதுரை ஓடுதளம் ஏழாயிரத்து ஐந்நூறு அடி. அதுவும் போதாது என்று நீட்டிக்க நிலம் எடுக்கும் பேச்சு எழுந்தது.

இந்தக் குறைந்த தேவையின் மதிப்பு 1944-இல் இம்பாலில் தெரிந்தது. ஜப்பானியர் சாலையை அறுத்துவிட, முற்றுகைக்குள் இருந்த படை ஆகாயவழியில் வந்த சோற்றையும் தோட்டாவையும் நம்பியே நின்றது. மார்ச்சில் 5-ஆம் இந்திய டிவிஷன் அரக்கான் முனையிலிருந்து துப்பாக்கியும் கோவேறு கழுதையுமாக விமானத்தில் ஏறி வந்து இறங்கியது. முற்றுகை முடிவதற்குள் சுமார் 19,000 டன் சரக்கும் 12,000 பேரும் உள்ளே வர, 13,000 காயம்பட்டோரும் போரில் சேராத 43,000 பேரும் வெளியே போனார்கள். பெரிய கமாண்டோ விமானங்களுக்கும் இதில் பங்குண்டு. சுமையில் பெரும்பகுதியைத் தாங்கியவை டகோட்டாக்கள். பாராசூட் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கல்கத்தாவில் சணலால் பாராசூட் செய்வித்தார் அந்தப் படையின் தளபதி ஜெனரல் ஸ்லிம். வழக்கமான பாராசூட்டின் விலை இருபது பவுனுக்கு மேல்; சணல் பாராசூட் ஒரு பவுன் சொச்சம். மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் அடுப்புக்கரி வாயுவில் ஓடியதும் இதே ஆண்டுகளில்தான். கிடைத்ததைக் கொண்டு சமாளித்த காலத்துக்கு ஏற்ற விமானம் அது.

போர் முடிந்ததும் அமெரிக்கர் விட்டுச்சென்ற டகோட்டாக்கள் உபரிச் சரக்காயின. பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை அவற்றை வாங்கிப் பழுதுபார்த்தது. சுவரோரத்துத் தகர பெஞ்சுகளைக் கழற்றி, வரிசையாகப் பயணியர் இருக்கைகளைப் பொருத்திக் கொடுத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியதும் டகோட்டாவில்தான். ‘சீதா தேவி’ என்ற அந்த விமானம் ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தானுக்குச் சென்னை ஒரு காலைப்பொழுதின் தூரமாயிற்று. 1949-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி விமானங்கள் நடுராத்திரியில் நாகபுரியில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 1953-இல் எட்டுக் கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டா. போருக்கு முன்பே டாடா 1932-இல் கராச்சிக்கும் சென்னைக்கும் இடையே தபால் விமானம் விட்டாரே, அதுவல்லவா தொடக்கம் என்று கேட்கலாம். முன்னோடி அவரே, மறுப்பில்லை. ஆனால் அன்று பறந்தது ஓட்டுநரும் கடிதப் பையும் கொள்ளும் சிறு விமானம். ஒரு நாட்டு மக்கள் ஏறிப் பழகுவதற்கு அது போதாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. டகோட்டா புகழ் முழுவதும் தப்பிப் பிழைத்த விமானங்களை வைத்துப் பேசுவது. விழுந்தவற்றை யார் எண்ணினார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஆபிரகாம் வால்ட். போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அந்தப் புள்ளியியலார், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களின் ஓட்டைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம், ஓட்டையே இல்லாத இடத்தில் அடிபட்டவை திரும்பி வரவேயில்லை என்று கணக்கிட்டுக் காட்டினார். இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த அவர் மனைவியுடன் ஏறிய ஏர் இந்தியா டகோட்டா 1950 டிசம்பர் 13 அன்று கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலையில் மோதியது. இருவரும் மாண்டார்கள்.

ஆகவே டகோட்டா பத்திரமான விமானம் என்று நான் வாதாடவில்லை. தரையிடம் குறைவாகக் கேட்டது என்பதே என் வாதம்; அதற்குச் சான்று 1953-இன் கையிருப்புக் கணக்கும் சின்ன ஊர்த் தளங்களும்தான். அந்தக் குணத்துக்கு விலையும் இருந்தது. அழுத்தமூட்டிய அறை இல்லாததால் அது பெரும்பாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழேயே பறந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளும் அந்த உயரத்துக்குள்தான் இருக்கின்றன. பழைய விமானத்தை மாற்றியிருந்தால் போதும் என்பாருக்கு மதுரையருகே பதில் உண்டு. டகோட்டாவுக்கு மாற்றாக வந்த ஆவ்ரோ, அழுத்தமூட்டிய அறையும் டர்பைன் எஞ்சினும் கொண்டது. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு இறங்கிவந்த ஆவ்ரோ சின்னமனூரை அடுத்த மலையில் மோதியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எவ்வளவு உயரப் பறந்தாலும் இறங்குகையில் மலையைக் கடந்துதான் வரவேண்டும். அங்கே வழிகாட்ட வேண்டியவை தரையிலுள்ள கருவிகள். டகோட்டா எதுவும் கேட்கவில்லை என்பதால் நம் சின்ன ஊர்த் தளங்கள் நெடுங்காலம் எதுவும் கொடுக்காமல் காலம் தள்ளின. பெருங்குடி ஓடுதளத்திலிருந்து மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் அந்த மலைவரிசை நீலமாகத் தெரியும்.