கணக்கீட்டு அலகும் மாநில எல்லையும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள்

முன்னுரை

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்வோர் எல்லையைக் கடந்ததும் பாறசாலையை அடைவர். அங்கு நவம்பர் 1 கேரளம் பிறந்த நாள்; குமரி மாவட்டத்திலோ தாய்த் தமிழகத்துடன் இணைந்த நாள். ஒரே நாளின் இவ்விரு பெயர்களுக்கிடையே வாழும் எல்லைத் தமிழரின் அரசியல் நிலைக்கு, எல்லை வகுத்தபோது கொள்ளப்பட்ட கணக்கீட்டு அலகே அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கோரிக்கையும் தீர்வும்

1945இல் தொடங்கப்பெற்று, 1946இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர் பெற்ற இயக்கம் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 தேர்தலில் இவ்வியக்கம் 12 இடங்களில் வென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. 1955இல் அறிக்கையளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தமிழகத்திற்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

வட்ட அளவில் அங்கு மலையாளமே பெரும்பான்மை என்பது உண்மை. எனினும் வட்டத்தை அலகாகக் கொண்டால் எல்லையோரச் சிற்றூர்களின் தமிழ் அக்கணக்கில் மறைந்துவிடும். ஆந்திர - சென்னை எல்லையில் படாஸ்கர் சிற்றூரை அலகாகக் கொண்டார். அதன்வழியே 1960இல் திருத்தணி தமிழகம் வந்தது. பாறசாலைப் பகுதிக்கு அத்தகைய ஆய்வு வாய்க்கவில்லை.

இன்றைய தொடர்ச்சி

எல்லைச் சிக்கல் ஓய்ந்தது. எண்ணிக்கைச் சிக்கல் ஓயவில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. ஆயின் உள்ளூர் அலுவலகங்களில் அவ்வுரிமை, சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பெற்ற இடங்களுக்கே உரியது. தொடக்கக் கல்வியில் தாய்மொழி பெறுதற்கும் வகுப்பில் 10 அல்லது பள்ளியில் 40 மாணவர் வேண்டுமென்பது 1949 முதல் வழங்கிவரும் நெறி. சிதறி வாழ்வோர்க்கு இவை எட்டாதவை.

மொழியின் பெயரால் திரள இயலாத இடத்தில் சமூகத்தின் பெயரால் திரளுதல் இயல்பு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன், கிறித்தவ நாடார் அனைவர்க்கும் கேரள அரசு இடஒதுக்கீட்டை விரிவுபடுத்தியமை, தென்கோடித் தொகுதிகளில் எந்த அடையாளம் இன்று அரசியல் வலிமை பெற்றுள்ளது என்பதைப் புலப்படுத்தும்.

முடிவுரை

1956இல் இழந்தது நிலம் மட்டுமன்று; தனித்து எண்ணப்படும் வாய்ப்பும் ஆகும். எல்லையை மாற்றாமலேயே அவ்வாய்ப்பை மீட்கலாம். மொழியுரிமைக்குச் சிற்றூரை அலகாகக் கொள்வதே அதற்குரிய வழி எனலாம்.