புல்லட்டும் பாடபேதமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையோரப் பட்டறை ஒன்றில், விற்பனைக்காக ஆயத்தம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த பழைய புல்லட் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் கண்டோம். பின்னிருக்கை இருக்கவேண்டிய இடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்த இரும்புச் சுமைதாங்கியை மெக்கானிக் அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். பல்லாண்டுகள் கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கிய வண்டி அது. வாங்க விரும்பியவர் சென்னைக்காரர். 'ஒரிஜினல்' ஆக்கித் தந்தால்தான் விலை பேசுவேன் என்று சொல்லிவிட்டாராம். மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என்று வகுப்பில் நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு அந்தச் சொல் உறுத்தியது. புல்லட்டுக்கு மூலபாடம் எது?

'புல்லட்' என்னும் பெயரை இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனம் 1932இல் தன் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்குச் சூட்டியது. அந்த முதல் புல்லட்டை இன்று யாரேனும் நம் முன் நிறுத்தினால் நாம் அடையாளம் காணமாட்டோம். நம் மனத்திலுள்ள உருவம், பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி பொருத்தப்பட்ட 1940களின் இறுதிக்கு உரியது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் தன் தேவைக்கு அந்த 350 சி.சி. வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு பாகங்களை உருவாக்கும் கருவிகளும் வந்தன. 1960களின் தொடக்கத்துக்குள் வண்டி முழுவதும் இங்கேயே உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தியே நின்றுபோயிற்று. தாய்ச்சுவடி அழிந்து, படியெடுத்தது மட்டும் எஞ்சிய நிலை. 1977இல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று.

அந்தப் படியும் எழுதியபடியே இருந்துவிடவில்லை. 6 வோல்ட் மின்னமைப்பு 12 வோல்ட்டாயிற்று. வலக்காலில் இருந்த கியர் பின்னாளில் இடக்காலுக்கு மாறியது. டிரம் பிரேக் இருந்த முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2000களின் இறுதியில், வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சின் விடைபெற்று, கியர்பெட்டியும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. ஆலையே இத்தனை மாற்றங்களைச் செய்திருக்க, பட்டறையில் செய்த மாற்றத்தை மட்டும் பிழை என்று கொள்வது எவ்வாறு?

பழுதுபார்ப்பதும் ஒருவகை மாற்றமே. பழைய 350இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 346 சி.சி. வருகிறது. பிஸ்டன் உராய்ந்து உராய்ந்து சிலிண்டர்ச் சுவர் தேயும்போது அதைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவார்கள். பட்டறை வழக்கில் இது ரீபோர். இருபது, நாற்பது, அறுபது என்று அங்கே சொல்லப்படும் எண்கள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு கணக்கிடும் அளவுகள். அறுபது வரை கடைந்த வண்டியின் விட்டம் ஏறத்தாழ 71.5 மில்லிமீட்டர், கொள்ளளவு 361 சி.சி.யைத் தாண்டிவிடுகிறது. ஆர்.சி. புத்தகம் 346 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஓடாமல் கொட்டகையில் கிடந்த வண்டியே மாறாத வண்டி.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர்; கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னும், 1976இல் அரசு நேரடி நிர்வாகத்தை ஏற்கும் வரையில், சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் அம்மலை இருந்தது. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் இன்று பேருந்து ஓடுகிறது. ஆனால் பேருந்து நிற்கும் இடத்துக்கு அப்பாலும் ஊர்கள் உண்டு. கடுக்காய், புளி, தேன், மரவள்ளிக் கிழங்கு ஆகியவை கீழே இறங்கவேண்டும். உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் மேலே ஏறவேண்டும்.

அந்த வேலைக்குப் புல்லட் பொருந்தியதற்குக் காரணம் அதன் எஞ்சினிலேயே இருக்கிறது. சிலிண்டரின் அகலத்தைவிட பிஸ்டனின் ஓட்டம் நீளமானது. உள்ளே சுழலும் சக்கரமும் கனமானது. ஆகவே மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும் வலிமை கிடைக்கிறது. அது போதாதென்று பட்டறைக்காரர்கள் கியர்பெட்டியின் முன் ஸ்பிராக்கெட்டில் பல் குறைந்ததை மாட்டினார்கள். வேகம் குறைந்தது, இழுவை கூடியது. சமவெளியில் அது குறை. ஏற்றத்தில் அதுவே தேவை. நாம் கண்ட வண்டியிலும் அந்த மாற்றம் இருந்தது. மட்கார்டை உயர்த்தியிருந்தார்கள், மலைச்சேறு சக்கரத்தில் அடைத்துக்கொள்ளாதிருப்பதற்காக. சுமைதாங்கியின் இடப்பக்கக் குழாய் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. மூட்டைக் கயிறு எப்போதும் அங்கேதான் கட்டப்பட்டதாம். ஜாகீர் ஒழிந்த மலையில் வாணிபம் எவ்வாறு நடந்தது என்பதற்கு இவை சான்றுகள் அல்லவா?

மாற்றத்தின் எல்லையைக் காண விரும்புவோர் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிக்குச் செல்லவேண்டும். அங்கே புல்லட்டின் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்னால் இரு சக்கரங்களும் பலகைத் தளமும் பூட்டி, நீர் இறைக்கும் டீசல் எஞ்சினைப் பொருத்தி 'சக்டா' என்ற மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார்கள். உழவர்களின் சரக்கும் ஆட்களும் அதில்தான் சென்றார்கள்.

சட்டத்தின் பார்வை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000இல் திருத்தப்பட்ட பின், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பிரேக்கும் சட்டகமும் கண்டபடி மாற்றப்பட்டால் சாலையில் செல்லும் பிறர் உயிருக்கும் கேடு என்பதால் அத்தடையில் நியாயம் உண்டு. 2021இல் வந்த விதிகளோ, 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய வழிவகுத்தன. சட்டகமும் எஞ்சினும் கணிசமாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது. உழைத்ததனால் மாறிய வண்டிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இதன் விளைவு விற்பனையில் தெரிகிறது. மூல வடிவுக்கு விலை கூடுவதால், விற்போர் மலையின் தடயங்களை அறுத்தெறிகின்றனர். புதிதாக வார்த்த பாகங்களையும் பளபளக்கும் வண்ணத்தையும் ஏற்றி, தொடாத வண்டி என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. ராணுவமும் காவல்துறையும் ஏலம் விட்ட வண்டியின் எஞ்சினை வேறொரு சட்டகத்தில் ஏற்றியிருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒத்துவருவதில்லை. பணம் கொடுத்தவர் பெயர் மாற்ற இயலாமல் அலைவார். விற்றவரும் தப்பிவிடுவதில்லை, விற்ற 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டியது அவர் கடமை.

சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டார். ஒரு பாடத்தைத் தேர்ந்துகொண்டபோதும் வேறுபட்ட பாடங்களை அழித்துவிடாமல் குறித்து வைப்பதைத் தம் பதிப்பு நெறியாக அவர் வளர்த்தெடுத்தார். பழைய வண்டியை விற்பவரும் வாங்குபவரும் அந்த நெறியைக் கைக்கொள்ளலாம். பிரேக்கையும் விளக்கையும் சட்டத்துக்கு ஏற்பச் சீர்செய்யட்டும். அதோடு எந்த ஆண்டில் எதை, எதற்காக மாற்றினார்கள், எத்தனை முறை ரீபோர் நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, கழற்றிய பாகங்களோடு சேர்த்துக் கொடுக்கட்டும். வாங்குபவர் ஏமாறமாட்டார், வண்டியின் வாழ்க்கையும் தொலையாது.

அன்று பட்டறையில் இதைத் தயக்கத்தோடு சொன்னோம். மெக்கானிக் சிரித்துவிட்டு, அறுத்தெடுத்த சுமைதாங்கியைச் சாக்கில் சுற்றினார். பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையைக் கிழித்துக்கொடுத்து, "நீங்களே எழுதுங்க சார்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். பதினோரு மாற்றங்கள் வந்தன. முதல் நான்குக்கு ஆண்டு அவருக்குத் தெரியவில்லை. அவருடைய தகப்பனார் செய்தவையாம்.