ஊவாவின் கச்சானும் குளிர்ந்த அறையும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் குடையின்றி வெளியே காலெடுத்து வைத்தல் இயலாது. மழை நாட்கணக்கிற் பெய்துகொண்டிருக்கும். மலைத்தொடரின் மறுபுறத்தே, சில மணி நேரப் புகைவண்டிப் பிரயாணத் தொலைவிலுள்ள பதுளையிலோ வானம் வெளுத்துக் கிடக்கும்; புழுதி எழும்; புல் கருகும். மேற்கேயிருந்து மலையிறங்கி வரும் வறண்ட காற்று இலைகளைச் சலசலக்கச் செய்துகொண்டு இராப்பகலாக வீசும். கிழக்கிலங்கைத் தமிழர் கச்சான் எனப் பெயரிட்டு அஞ்சுகின்ற காற்று இதுவே. நிலக்கடலைக்கும் இலங்கைத் தமிழில் கச்சான் என்றே பெயர். இது கொறிப்பதற்கன்று, பொறுப்பதற்கு!

தென்மேற்குப் பருவக்காற்று கடலினின்றும் நீராவியைச் சுமந்து வருகிறது. மலைச்சாரலில் ஏறும்போது அது குளிர்கிறது, நீராவி மழையாகிறது. நீராவி நீராகும்போது தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளியே விடும் என்பது பௌதிக நூலாரின் முடிபு. மழையை ஹட்டனுக்குக் கொடுத்துவிட்டு, வெப்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, காற்று மலைமுகட்டைத் தாண்டுகிறது. பின்னர் கீழே இறங்குங்கால், ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் மேலும் சூடேறுகிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் பதுளை கிடக்கிறது. மலைநாடு என்ற பெயரை நம்பிக் கம்பளியுடன் வந்திறங்கும் கொழும்பு விருந்தினர், நண்பகலில் வெப்பம் 30 பாகையைத் தொடுவது கண்டு வியப்பதுண்டு.

இந்தக் காற்றுக்கு உலகச் சந்தையில் மதிப்பு உண்டு. ஆடி முதல் புரட்டாசி வரை ஊவாத் தோட்டங்களில் எடுக்கப்படும் தேயிலைக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு நறுமணம் வாய்க்கிறது. வறட்சியால் வருந்தும் செடி, மெதைல் சலிசிலேற்று முதலிய வாசனைப் பொருள்களைத் தன் கொழுந்தில் மிகுதியாகச் சேர்த்துக்கொள்வதே இதற்குக் காரணம். அதே காற்று, அக்கொழுந்தைப் பறித்தவள் இரவில் உறங்கும் அறையையும் சேர்ந்தடைகிறது. அவ்வறையின் வரலாறு சந்தைப் புத்தகங்களில் ஏறவில்லை.

வெப்பத்தைத் தணிப்பதற்கு மனிதர் கண்ட பழைய வழிகள் எளியவை. மண்சுவர், புற்கூரை, தாழ்வாரம், சாணமிட்டு மெழுகிய தரை என்பன தமிழகத்துக் கிராமங்களில் பலநூறாண்டு பழகிய வைத்தியங்கள். வெட்டிவேர்த் தட்டியை வாயிலிலே தொங்கவிட்டு நீர் தெளித்தால், அதனூடே புகும் காற்று குளிர்ந்தும் மணந்தும் வரும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்வதனால் விளையும் குளிர்ச்சி அது. ஆங்கில அதிகாரிகள் இவற்றுடன் பங்காவைச் சேர்த்தனர். விட்டத்திலே தொங்கும் நீண்ட துணிவிசிறியைக் கயிறு கட்டி ஒருவன் இழுத்துக்கொண்டிருப்பான். இழுப்பவன் அறைக்கு வெளியே, பெரும்பாலும் வெயிலுக்கு அணித்தாகவே அமர்ந்திருப்பான். உள்ளே உறங்கும் துரையின் வியர்வை அடங்க, வெளியே இருப்பவனின் வியர்வை பெருகும்.

செல்வம் மிக்கோர் பனிக்கட்டியையும் வரவழைத்தனர். அமெரிக்க நாட்டுப் பொஸ்ரன் நகரத்து வணிகரான பிரெடெரிக் ரியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளிற் பொதிந்து கப்பலேற்றினார். 1833 ஆம் ஆண்டில் அவருடைய கப்பலொன்று நான்கு மாதங்கள் கடலிலே மிதந்து கல்கத்தாவை அடைந்தபோது, ஏற்றிய 180 தொன்னில் ஏறத்தாழ 100 தொன் கரையாமல் எஞ்சியிருந்ததாம். சென்னைக் கடற்கரையில் அவர் எழுப்பிய பனிக்கட்டிக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 1897 இல் விவேகானந்த சுவாமிகள் தங்கிய கட்டடம் அதுவே. அதனால் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது.

ஊவாவின் தோட்டத் துரைமாருக்குப் பனிக்கட்டி வேண்டியிருக்கவில்லை. அவர்கள் குளிர்ந்த இடத்தையே தெரிந்தெடுத்துக்கொண்டனர். குன்றின் உச்சியில் பங்களா, சுற்றிலும் விறாந்தை, உயர்ந்த கூரை, அதன் கீழே பலகைத் தளம், எதிரெதிரே ஜன்னல்கள், மேற்கு வெயிலை மறைக்க மரங்கள். ஹப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களில், குளிர் காயக் கணப்படுப்பும் கட்டினார்கள். கட்டடக்கலை அறிந்தோர் செய்த வீடுகள் இவை என்பதை மறுத்தற்கில்லை.

இவ்வறிவு பங்களாவின் வேலியைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட லயங்கள் மண்சுவரும் மானாப்புற் கூரையுமாக இருந்தன. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை பரவியது, லயங்கள் நிலைத்த கட்டடங்களாயின. புல் போய்த் தகரம் வந்தது. தகரம் ஒழுகாது, தீப்பிடிக்காது, ஆண்டுதோறும் வேய வேண்டியதில்லை என்பன நிர்வாகத்திற்கு உவப்பான குணங்கள். ஆனால் புற்கூரை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். தகரம் அதை அப்படியே உள்ளே இறக்கிவிடும். பகலில் அது அடுப்பின் மேல் வைத்த தட்டு. பின்னிரவில் வெளிக் குளிரை அதே விரைவில் உள்ளே அழைத்து வரும். கச்சான் காலத்து மாலையில் லயத்து மக்கள் இஸ்தோப்பிலும் வாசற்படியிலும் அமர்ந்து, கூரை ஆறும்வரை கதை பேசிக்கொண்டிருப்பது பொழுதுபோக்கிற்காக மட்டுமன்று.

ஒரு காம்பராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதற்குள்ளே ஒரு குடும்பம். சில வேளைகளில் இரண்டு. விறகடுப்பும் அங்கேயோ அதனை ஒட்டியோ எரியும். இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயங்களில், பின்சுவர் அயல்வீட்டின் பின்சுவரேயாகும். அச்சுவரில் ஜன்னல் வைத்தல் எங்ஙனம்? ஒரு பக்கத்தால் நுழையும் காற்றுக்கு மறுபக்கத்தில் வழியில்லையேல் அது நுழையவே நுழையாது. வேறு வகை லயங்களிலும், அறை தோட்டத்தின் சொத்தாதலால், சுவரில் ஒரு துளை இடுவதற்கும் நிர்வாகத்தின் இசைவு வேண்டியதாயிற்று. 1975 இல் அந்நியக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. சுவர் மட்டும் சுவராகவே இருந்தது.

இனி, அதே தோட்டத்திலே காற்றைக் கையாளும் நுட்பத்தை உயர்ந்த கலையாக வளர்த்த கட்டடமொன்று இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொழிலாளர் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையே அது. ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் 1890 இல் தோமஸ் லிப்டன் நிறுவிய தொழிற்சாலையைக் கண்டவர்கள், அதன் நீண்ட மேல்மாடிகளையும் வரிசை வரிசையான ஜன்னல்களையும் மறந்திரார். பச்சைக் கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். அதை வாட்டுவதற்கே மேல்மாடிகள். சாக்குத் தட்டுகளில் கொழுந்தை மெல்லப் பரப்பி, ஜன்னல்களை வேளைக்கேற்பத் திறந்தும் அடைத்தும், பாரிய விசிறிகளாற் காற்றை இழுத்தும், வெளியே ஈரம் மிகுந்தால் உலர்த்தும் யந்திரத்தின் வெப்பக் காற்றைக் கலந்தும், 12 மணி முதல் 18 மணி நேரம் காத்திருப்பர்.

உருட்டிய இலை அடுத்ததாக நொதிக்கும் அறைக்குச் செல்லும். நொதித்தல் என்பது வழக்குச் சொல். உண்மையில் நிகழ்வது ஒட்சிசன் இலையின் சாற்றோடு சேர்வது. அறை சூடேறினால் மணம் கெடும், உலர்ந்தாலும் கெடும். ஆகவே கச்சான் வீசும் மாதங்களில் ஈரத்துணிகளைத் தொங்கவிட்டும், நீரைப் பனிபோற் தூவும் யந்திரங்களைச் சுழலவிட்டும் அவ்வறையைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் காத்தனர். வெப்பமானி சுவரில் தொங்கும். அதனை மணிக்கு மணி பார்ப்பதற்கு ஆளும் உண்டு. தோட்டத்தில் நாள் முழுவதும் காற்று கண்காணிக்கப்பட்ட படுக்கை ஒன்று இருந்ததெனில், அது இலையின் படுக்கையே.

இது ஊவாவுக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணற்க. காற்றைப் பதப்படுத்தும் நவீன யந்திரம் பிறந்த வரலாறும் இதுவே. 1902 இல் வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் அதனை அமைத்தது, நியூயோர்க்கைச் சார்ந்த புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்திற்காக. ஈரக்காற்றிற் காகிதம் விரிந்து சுருங்கியதால், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வர்ணங்கள் இடம் தவறின. காகிதத்தின் நலனுக்காகவே காற்றின் ஈரம் அளவுபடுத்தப்பட்டது. 1906 இல் ஸ்ருவேட் கிராமர் இம்முறைக்கு ஆங்கிலத்திற் பெயர் வைத்ததும் பருத்தி ஆலைகளில் நூல் அறாதிருக்க வேண்டியே.

மனிதனை முதலாக எண்ணிய ஒருவரும் இருந்தார். புளோரிடாவில் மருத்துவராயிருந்த ஜோன் கொரி, காய்ச்சலால் துன்புறுவோர் படுத்திருக்கும் அறையைக் குளிர்விக்க விரும்பினார். முதலில் பனிக்கட்டியைக் கூரையருகே தொங்கவிட்டுப் பார்த்தார். பின்னர் காற்றை அமுக்கி விரியச்செய்து பனிக்கட்டி உண்டாக்கும் யந்திரத்தைச் செய்து, 1851 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். போதிய முதல் கிடைக்கவில்லை; 1855 இல் வறுமையிற் காலமானார். காகிதத்திற்குக் கிடைத்த ஆதரவு காய்ச்சற்காரனுக்குக் கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே குளிரூட்டி சாதாரண வீடுகளின் படுக்கையறையை எட்டிப்பார்த்தது. அதன் ஆற்றலை இன்றும் ‘தொன்’ கணக்கிற் சொல்வது, பனிக்கட்டிக் காலத்தின் எச்சம். 2,000 இறாத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பமே ஒரு தொன் என்னும் அளவு; ரியூடரின் வாணிகம் மறைந்தும் அவருடைய தராசு மறையவில்லை.

சக்கரம் வைத்த சிறு பெட்டியாக, அறைக்கு அறை உருட்டிச் செல்லத்தக்க குளிரூட்டி இக்குடும்பத்திலே பிந்திப் பிறந்தது. சுவரைத் துளைக்க உரிமையில்லாத வாடகைக் குடியிருப்பாளருக்கு ஏற்றது அது. பதுளை நகரின் பழைய கட்டடங்களில், சீற் கூரையின் கீழே, மேற்கு நோக்கிய அறையில் உறங்க முயல்வோர் இதனை நாடுவதில் வியப்பில்லை. ஆயின் அதன் இயல்பை அறியாது வாங்குவோர் ஏமாறுவர். குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. பெட்டியின் பின்னேயுள்ள பருத்த குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டு, எஞ்சிய இடைவெளியைப் பலகையாலோ தடித்த அட்டையாலோ நன்கு அடைக்கவேண்டும். குழாயை அறைக்குள்ளேயே விட்டால், யந்திரம் முன்னாற் குளிர்வித்ததையும் அதற்கு மேலும் பின்னாற் சூடாக்கும். ஒற்றைக் குழாய்ப் பெட்டிக்கு மற்றுமொரு குறையுண்டு. அறையின் காற்றையே வெளியே தள்ளுவதனால், அதற்கு ஈடாகக் கதவின் கீழும் ஓட்டின் இடுக்கிலும் வெளிக்காற்று நுழைகிறது. கச்சான் காலத்தில் நுழைவது கச்சானே. இரு குழாய் உள்ளவை இதில் மேலானவை. குழாய் குறுகியும் நேராகவும் இருத்தல் நன்று. நீண்டு வளைந்தால் அதுவே அறைக்குள் வெப்பம் வீசும். மேற்கு ஜன்னலை நண்பகலுக்கு முன்னரே திரையிட்டு, கூரையின் கீழே பலகைத் தளம் அமைத்துவிட்டால் யந்திரத்தின் வேலை பெரிதும் குறையும். தளமில்லாத் தகரத்தின் கீழே அதனை ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

செலவும் எண்ணத்தக்கது. ஒரு மேசை விசிறி 50 வாற்று அளவில் சுழலும். இப்பெட்டி ஏறத்தாழ 1,000 வாற்று கேட்கும். நாட் கூலியில் வாழும் குடும்பத்திற்கு அந்த மின்கட்டணம் எட்டாத உயரம். 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாடெங்கும் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, உயர்ந்த விலையிற் குளிரூட்டி வாங்கியவரும் ஜன்னலைத் திறந்துவைத்தே உறங்கினர். திறப்பதற்கு ஜன்னல் இருந்தது அவர்கள் பேறு.

லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் எழும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. மேலும் 10,000 வீடுகள் 2017 இல் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்திற்கும் 7 பேர்ச் நிலம். இவ்வீடுகள் நான்கு புறமும் தனித்து நிற்பவை. பின்சுவர் எவருடைய முதுகும் அன்று. அதில் ஜன்னல் வைக்கலாம், அதற்கு எதிரே இன்னொன்றும் வைக்கலாம். மேற்குப் புறத்தில் ஒரு மரம் நடவும் இடமுண்டு. பங்களாவின் துரை 19 ஆம் நூற்றாண்டிலே அறிந்திருந்த வைத்தியம் இது. குன்றின் கீழே இறங்குவதற்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.