எவருடைய நூலகம்? பாரிஸ் துர்கனேவ் நூலகமும் உடைமைச் சிக்கலும்

தாய்நாட்டை விட்டு வாழ்வோர் அயல்நகரங்களில் அமைத்துக்கொண்ட நூலகங்களைப் பற்றிய எழுத்துகளில் ‘ஏக்கம்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ஏக்கம் ஒரு நூலகத்தைத் தொடங்கிவைக்கக்கூடும். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்திச்செல்ல வாடகைப் பணமும், சந்தா செலுத்தும் வாசகரும், ஓயாமல் கூடும் நிர்வாகக் குழுவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அலமாரியில் இருக்கும் நூல்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அதிகாரத்தில் இருப்போர் மதிக்கும் விடை ஒன்றும் வேண்டும். பாரிஸில் ருஷ்யர்கள் 1875இல் நிறுவிய துர்கனேவ் நூலகம், எந்த அரசுக்கும் எந்தக் கட்சிக்கும் தான் உரியதன்று என்பதையே இக்கேள்விக்கு விடையாகக் கொண்டிருந்தது. அந்த நிலைப்பாடே அதன் வளர்ச்சிக்கு உரமாயிற்று என்பதும், 1940இல் அது கேட்பாரற்றுப் போனதற்கும் அதுவே காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நூலகத்தின் தோற்றத்திலேயே ஒரு முரண் உண்டு. அதற்கான முயற்சியில் முன்னின்றவர் கெர்மன் லொபாத்தின் என்னும் புரட்சியாளர். மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலை ருஷ்ய மொழியில் பெயர்க்கத் தொடங்கியவர் (பணியை முடித்து 1872இல் வெளிவரச் செய்தவர் தானியல்சன்). பெயரும் பணமும் செல்வாக்கும் தந்து உதவியவரோ நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த நாவலாசிரியர் இவான் துர்கனேவ். 1875 பிப்ரவரியில் பாடகி பொலீன் வியார்தோவின் பாரிஸ் இல்லத்தில் துர்கனேவ் ஏற்பாடு செய்த இசை, இலக்கிய நிகழ்ச்சியில் திரண்ட தொகையே நூலகத்தின் முதல் முதலீடு. வறிய மாணவர்களும் அரசியல் அகதிகளும் படிப்பதற்கான அறைக்கு, செல்வர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பணம் கொடுத்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். ‘தந்தையரும் தனயரும்’ நாவலுக்காக 1862இல் பழமைவாதிகள், தீவிரவாதிகள் என்ற இரு தரப்பினரிடமும் வசை வாங்கியவர் துர்கனேவ் என்பதால், எந்தப் பக்கமும் சாராமல் இருப்பதற்கு என்ன விலை என்பதை அவர் அறிந்தே இருந்தார். 1883இல் அவர் மறைந்த பின் நூலகம் அவர் பெயரைப் பெற்றது. லொபாத்தின் அடுத்த ஆண்டே ருஷ்யாவில் கைதாகி, 1905 வரை சிறையில் கிடந்தார்.

சந்தா நூலகம் என்பது, அரசின் மானியத்தை நம்பாமல், வாசகர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு இயங்கி, நூல்களை வீட்டுக்கும் இரவல் தரும் அமைப்பாகும். இத்தகைய நூலகத்தில் வாசகரே புரவலர் ஆகையால் அரசியல் நிறம் பார்த்து அவரை விலக்குவது வருவாயை இழப்பதாகும். துர்கனேவ் நூலகத்தின் நடுநிலைமையில் கொள்கைக்கு நிகராக இந்தக் கணக்குக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். அதன் பயனை வாசகர் வரிசையிலேயே காணலாம். 1908 இறுதி முதல் 1912 வரை பாரிஸில் வாழ்ந்த லெனின் இங்கு வந்து படித்தவர். 1917க்குப் பின், அதே லெனினின் ஆட்சிக்கு அஞ்சி வெளியேறிய எழுத்தாளர்களும் படையதிகாரிகளும் வழக்கறிஞர்களும் வாசகராயினர். இவான் புனின், மார்க் அல்தானவ், மிகயீல் ஒசோர்கின் ஆகிய எழுத்தாளர்கள் நூலகத்துக்குத் துணைநின்றனர். ஜார் அரசின் தணிக்கை தடுத்த வெளியீடுகளையும் புரட்சிக் குழுக்களின் துண்டுப் பிரசுரங்களையும் ஒரு தலைமுறை சேர்த்து வைக்க, புலம்பெயர்ந்தோரின் இதழ்களை அடுத்த தலைமுறை அவற்றோடு சேர்த்தது. ஒருவரையொருவர் நாடு கடத்தியவர்கள் ஒரே அட்டவணைக்குள் அகர வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்த இடம் அது. 1930களின் இறுதியில் நூல்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்தை எட்டியிருந்தன. பாரிஸ் மாநகராட்சி பூஷெரி தெருவில் ஒரு பழைய மாளிகையில் இடமளித்தது.

அந்த வாசகரில் பெரும்பாலோரின் சட்டநிலை இங்குக் கருதத்தக்கது. வெளியேறியோரின் குடியுரிமையைச் சோவியத் அரசு 1921 இறுதியில் பறித்துவிட்டதால், நாடற்றோர்க்காக 1922இல் ஏற்படுத்தப்பட்ட ‘நான்சன் கடவுச்சீட்டு’ என்னும் ஆவணத்தைக் கொண்டே அவர்கள் நடமாடினர். மனிதருக்கு அப்படியொரு சீட்டேனும் கிடைத்தது. அவர்கள் சேர்த்த நூல்களுக்கு அதற்கு ஒப்பான ஏதும் இல்லை.

பாரிஸ் வீழ்ந்த சில மாதங்களில், 1940ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ரோசன்பெர்க் செயற்குழு என்ற ஜெர்மானிய அமைப்பு நூலகத்தைக் கைப்பற்றியது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் நூல்களையும் கலைப்பொருள்களையும் திரட்டுவதற்கென்றே நாஜிக் கட்சி அமைத்த பிரிவு இது. ஏறத்தாழ 900 பெட்டிகளில் அடைக்கப்பட்ட நூல்கள், கீழை ஐரோப்பாவை ஆராய்வதற்கென உருவாகிவந்த ‘கிழக்கு நூலக’த்துக்காகப் பெர்லினுக்குச் சென்றன. ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் அப்போது நடப்பில் இருந்தது. ஆயினும், தன்னால் கைவிடப்பட்டவர்களின் நூல்களுக்காக மாஸ்கோ வழக்காட முன்வரும் என எதிர்பார்ப்பதற்கில்லை. நூலகம் இருந்த மண்ணின் அரசான பிரான்சோ தோற்றுக் கிடந்தது.

அதே நகரில் இருந்த அமெரிக்க நூலகம் தப்பிப் பிழைத்ததை இதனோடு ஒப்பிட வேண்டும். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கென அனுப்பப்பட்ட நூல்களை மூலதனமாகக் கொண்டு 1920இல் எழுந்த அந்நூலகம், அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டப்படி பதிவு பெற்றது. 1940இல் அமெரிக்கா நடுநிலை நாடாகவே இருந்தது. போரில் அது இறங்கிய பின்பும் நூலகம் மூடப்படாததற்குக் காரணம் வேறு: அப்போது அதை நடத்திய கிளாரா லாங்வொர்த் த ஷாம்ப்ரனின் மகன், தோல்விக்குப் பின் பிரான்சில் அமைந்த விஷி அரசின் தலைவர்களுள் ஒருவரான பியேர் லவாலின் மருமகன். யூதர் உள்ளே வரக்கூடாது என்ற தடை அங்கும் இருந்தது; ஊழியர்கள் அவ்வாசகர்க்கு நூல்களை மறைவாகக் கொண்டுசேர்த்தனர். அந்தத் துணிவு போற்றத்தக்கதே. கட்டடத்தைக் காத்தது மட்டும் வேறொன்று. முதலில் ஓர் அரசின் நிழலும், பிறகு ஒரு சம்பந்தி உறவும் அதற்குக் குடையாயின.

நாஜிகளுக்கு ருஷ்ய நூல்கள் தேவைப்பட்டன, ஆங்கில நாவல்கள் தேவைப்படவில்லை. வேறுபாட்டுக்கு அதுவே போதிய விளக்கம் என்று மறுப்புக் கூறலாம். 1838இல் போலந்து அகதிகள் பாரிஸில் நிறுவிய நூலகமும் 1940இல் கொள்ளைபோனது இம்மறுப்புக்கு வலுச்சேர்க்கிறது. எனினும் இது பாதி விளக்கமே. கொள்ளையனின் விருப்பம் நூல்கள் ஏன் எடுக்கப்பட்டன என்பதைச் சொல்லும். போர் முடிந்த பின்னும் அவை ஏன் வீடு திரும்பவில்லை என்பதைச் சொல்லாது. போலந்து நூலகத்தின் நூல்களில் ஒரு பகுதி போருக்குப் பின் பாரிஸ் வந்துசேர்ந்தது. துர்கனேவ் நூலகத்துக்கு அத்தகைய மீட்சி வாய்க்கவில்லை.

பெர்லினில் குண்டு விழத் தொடங்கியதும் 1943இல் ரோசன்பெர்க் செயற்குழு தன் நூற்குவியல்களைச் சைலீசியாவின் ராத்திபோருக்கு நகர்த்தியது. அங்கு முன்னேறிய செஞ்சேனையின் கைக்கு அவை சென்றன. ஒரு பகுதி, 1945இல் பெலாருஷ்யத் தலைநகர் மின்ஸ்குக்கு இரயிலில் அனுப்பப்பட்ட பெருந்தொகுதியோடு போயிற்று. இன்னொரு பகுதி போலந்தின் லெக்னீத்சாவில் சோவியத் படையதிகாரிகளின் பொழுதுபோக்கு மன்ற நூலகத்தில் தங்கியது. நாஜிகளால் தானும் சூறையாடப்பட்ட சோவியத் அரசு, மீட்டுவந்த நூல்களுக்கிடையே இவற்றையும் கண்டது. முத்திரை பாரிஸுடையது, மொழியோ ருஷ்யம். மொழியைக் கண்டவர்கள் முத்திரையைப் பொருட்படுத்தவில்லை. போர்க்காலத்தில் கொண்டுவரப்பட்ட பண்பாட்டுப் பொருள்களை ருஷ்யாவின் உடைமையாக்கிய 1998ஆம் ஆண்டுச் சட்டம், எதிரி நாடுகள் விளைவித்த சேதத்துக்கு ஈடு என்ற அடிப்படையில் இயற்றப்பட்டது. துர்கனேவ் நூலகம் எதிரியின் சொத்தன்று, எதிரியால் கொள்ளையடிக்கப்பட்ட சொத்து. இந்த வேறுபாட்டை வற்புறுத்தும் வலிமை ஒரு சிறு வாசகர் சங்கத்துக்கு எங்கிருந்து வரும்?

நூலகம் 1959இல் மறுபடி திறக்கப்பட்டது. ஒசோர்கினின் துணைவியார் தத்தியானா பல்லாண்டுகள் அதன் பொறுப்பை ஏற்று, நன்கொடையாக வந்த நூல்களைக்கொண்டே அலமாரிகளை நிரப்பினார். பாரிஸின் ஐந்தாம் வட்டாரத்தில் வலான்ஸ் தெருவில் அது இயங்கிவருகிறது. தொலைந்தவற்றைத் தேடும் பணிக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்றுகளுள் ஒன்று, நூல்களில் பதிந்த நூலக முத்திரை. நூல்களின் பயணத்தை வரைந்து, 2003இல் தனி நூலாக வெளியிட்டவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் பத்ரீஷியா கென்னடி கிரிம்ஸ்டெட். அதற்கு முந்தைய ஆண்டில் மாஸ்கோவிலிருந்து ஒரு தொகுதி பாரிஸுக்குத் திருப்பித் தரப்பட்டது. லெக்னீத்சா மன்றத்தின் வழியாக மாஸ்கோ சென்றிருந்த அந்த நூல்களின் எண்ணிக்கை 118.